ஆஸ்துமாக்காரரின் முதுகெலும்பு

பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் குறை சொல்லித் தொடங்க எனக்கு மனம் வராது. விடிய விடியத் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தவர், அந்தச் சின்ன மாத்திரையைப் போட்ட சில நாளில் கால் நீட்டிப் படுத்துத் தூங்குவதை நெஞ்சு நோய் பார்க்கும் எந்த மருத்துவரும் பார்த்திருப்பார். 1948-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு அதே இனத்து ஸ்டீராய்டான கார்ட்டிசோனை ஊசியாகப் போட்டார். இரண்டே வருடத்தில், 1950-ல், அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்துவிட்டது. அத்தனை வேகமாக உலகம் நம்பிய மருந்து அது. ஆனால் அந்த ஊசிக்கு 16 வருடம் முன்பே ஹார்வி கூஷிங் வேறொரு படத்தை எழுதிவைத்திருந்தார். 1932-ல் அவர் விவரித்த நோயாளிகளுக்கு முகம் உப்பியிருந்தது, கை கால் மெலிந்திருந்தது, முதுகு வளைந்திருந்தது. உடம்பு தன்னுடைய ஸ்டீராய்டையே மிதமிஞ்சிச் சுரந்ததன் விளைவு அது என்பது பின்னால் தெளிவானது. கார்ட்டிசோனைப் பாராட்டிய அளவுக்கு அந்த வளைந்த முதுகை நாம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

தருமபுரியில் நெஞ்சு நோய் பார்ப்பவன் நான். இழுப்பு, இளைப்பு, வீசிங் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இன்ஹேலரை ஒழுங்காக இழுக்கக் கற்றுக்கொடுத்தாலே நோய் அடங்கிவிடும். எவ்வளவு மருந்து கொடுத்தும் அடங்காத கடும் ஆஸ்துமா குறைவு. நெதர்லாந்தில் எடுத்த கணக்கொன்று, ஆஸ்துமாக்காரர்களில் அது 100-க்கு 4 பேர்கூட இல்லை என்கிறது. அந்தச் சிலரில்தான் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விழுங்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எலும்பைக் கண்காணிப்பது எங்கேயும் நுணுக்கமான வேலை. எங்கள் மாவட்டத்தில் அது இன்னும் ஒரு மடங்கு நுணுக்கமானது. இங்கே ஒரே எலும்புக்குள் இரண்டு சங்கதிகள் குடியிருக்கின்றன. ஒன்று மாத்திரையில் வந்த ஸ்டீராய்டு, இன்னொன்று போர் தண்ணியில் வந்த ஃபுளோரைடு. ஒன்று எலும்பை அரிக்கிறது, மற்றது கெட்டிப்படுத்துகிறது. இரண்டுமே எலும்பின் பலத்தைத்தான் எடுத்துவிடுகின்றன.

ஸ்டீராய்டு செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் பொருள். கட்டுகிற செல்களை ஸ்டீராய்டு குறைத்துவிடுகிறது. தொடக்கத்தில் கரைக்கிற வேலையையும் முடுக்கிவிடுகிறது. குடலில் கால்சியம் சேர்வது குறைகிறது, சிறுநீரில் போவது கூடுகிறது. தொடைத் தசை இளைத்து ஆளே தடுமாறி விழத் தொடங்குகிறார். இந்தச் சேதத்தில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நடந்துவிடுவதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. மாத்திரை தொடங்கிய 3 முதல் 6 மாதத்துக்குள்ளேயே முறிவு ஆபத்து ஏறிவிடுகிறது. முதல் வருடத்தில் போகிற எலும்பு, அதற்குப் பின் வருடா வருடம் போவதைவிட அதிகம். அடி வாங்குவது முதலில் முதுகெலும்புக் கட்டைகள், ஏனென்றால் அவற்றின் உள்ளே இருப்பது மெல்லிய வலைப்பின்னல் எலும்பு. ஆகவே "ரெண்டு மூணு வருஷம் போகட்டும், அப்புறம் எலும்பைப் பார்த்துக்கலாம்" என்பது நடந்து முடிந்ததைப் பார்க்கப் போவதாகும். 2022-ல் வந்த அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் வழிகாட்டுதல், தினம் 2.5 மில்லிகிராம் பிரட்னிசொலோன் அல்லது அதற்கு மேல் 3 மாதத்தைத் தாண்டிப் போடும் பெரியவர்களுக்கு, தொடங்கி 6 மாதத்துக்குள் முதல் எலும்புப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும் என்கிறது.

கண்காணிப்பு என்றவுடன் எல்லோரும் ஸ்கேனை நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் கருவி ஒரு நோட்டு. இதுவரை உடம்புக்குள் எத்தனை கிராம் ஸ்டீராய்டு போயிருக்கிறது என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும். இழுப்பு கூடும்போது ஒரு வாரத்துக்குத் தினம் 40 மில்லிகிராம் வீதம் கொடுப்பது வழக்கம், அது 280 மில்லிகிராம். வருடத்தில் அப்படி நாலு முறை வந்தால் ஒரு கிராமைத் தாண்டிவிடும். பிரிட்டனில் டேவிட் பிரைஸும் குழுவினரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் மொத்தம் அரை கிராம் முதல் ஒரு கிராம் என்ற அளவிலேயே, அதாவது ஏறக்குறைய நாலு முறை கொடுத்த அளவிலேயே, சில பக்கவிளைவுகள் கூடத் தொடங்குவது தெரிந்தது. தினமும் போட்டால்தான் ஆபத்து, விட்டு விட்டுப் போட்டால் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை.

சிக்கல், எங்கள் ஊரில் ஸ்டீராய்டு மருத்துவர் சீட்டில் மட்டும் வருவதில்லை. மெடிக்கலில் போய் "வீசிங்குக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்றால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அந்தச் செட்டில் டெரிஃபிலினோடு டெக்சாமெதசோனோ பீட்டாமெதசோனோ இருக்கும். முக்கால் மில்லிகிராம் டெக்சாமெதசோன், 5 மில்லிகிராம் பிரட்னிசொலோனுக்குச் சமம். மாத்திரை கடுகளவு இருக்கிறதே என்று நினைத்தால் கணக்கு தப்பும். மூட்டுவலிக்குப் போட்ட "வலி ஊசி", தோல் அரிப்புக்குக் கொடுத்த மாத்திரை, பெயர் தெரியாத சூரணப் பொட்டலம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் கணக்கு முடியும். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீடுகளில் தினக் கணக்கு எழுதும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாத்திரையின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை நாள் என்று எழுதிவரச் சொல்லுவேன். காலி அட்டையையும் அதிலேயே ஒட்டச் சொல்லுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டைதான் எழுத்து.

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆயாவிடம் எப்போதிலிருந்து இந்த மாத்திரை என்று கேட்டேன். "அது ஆச்சு சார், ஒகேனக்கல் தண்ணி வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கிட்டுதான் இருக்கறேன்" என்றார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013-ல். ஒரே வாக்கியத்தில் அவர் எனக்கு இரண்டு வரலாறும் சொல்லிவிட்டார். ஸ்டீராய்டு பத்து வருடத்துக்கு மேல், அதற்கு முன் ஆயுசு முழுக்க போர் தண்ணி. அவர் சிரித்தபோது தெரிந்த காவி ஏறிய பல் மூன்றாவது சாட்சி. பல்லில் கறை என்றால் பால்பிராயத்திலிருந்தே அந்தத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவர் என்று பொருள்.

அவருடைய உயரத்தை அளந்தோம். உயரம் அளப்பதை அற்பமான வேலையாக நினைப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, பூவை எடுத்துவைத்து, குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரில் படும்படி நிறுத்த வேண்டும். பார்வை நேரே. மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லி, தலைப்பலகையை இறக்கி, மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். காலையில் இருக்கும் உயரம் மாலையில் இருக்காது, ஒரு சென்டிமீட்டர்வரை குறையலாம். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே சுவரில். நாம் பார்த்துவரும் காலத்திலேயே 2 சென்டிமீட்டர் குறைந்தாலும், இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்தாலும், முதுகெலும்புக் கட்டை ஏதோ அமுங்கியிருக்கக்கூடும் என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு முறிவென்று அறியப்படாமலே போகிறது. வலித்தாலும் "எலும்பு தேய்மானம்" என்று சொல்லி ஒரு தைலத்தோடு முடிந்துவிடுகிறது.

இளமை உயரம் எப்படித் தெரியும்? பெண்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்த அட்டையில் உயரம் எழுதியிருப்பார்கள். ரேஷன் கார்டோடு சேர்த்து அதைப் பத்திரப்படுத்திய குடும்பங்கள் பல. ஆண்களில் போலீஸ் வேலைக்கோ பட்டாளத்துக்கோ ஆள் எடுக்கும்போது போய் நின்றவர்கள் தங்கள் உயரத்தை மறப்பதே இல்லை. வேறு எதுவும் இல்லாவிட்டால், இரு கைகளையும் விரித்து விரல்நுனி முதல் விரல்நுனிவரை அளந்தால் அது ஏறக்குறைய இளமை உயரம் என்று மருத்துவப் புத்தகம் சொல்லும். எங்கள் ஊரில் அந்த அளவும் கைவிட்டுவிடும். ஃபுளோரைடு ஏறிய முழங்கை முழுசாக நீளாது. ஆயாவின் கை இரண்டும் சற்று மடங்கியே நின்றன. அந்த அளவை நம்பியிருந்தால் அவர் குள்ளமாகவே பிறந்தவர், எதுவும் குறையவில்லை என்றுதான் முடிவுகட்டியிருப்போம். தலையின் பின்புறம் சுவரில் படுகிறதா என்று பார்க்கும் சோதனையும் அப்படித்தான். கழுத்து இறுகியவருக்கு முறிவு இல்லாமலே தலை சுவரைத் தொடாது. இந்த மாவட்டத்தில் வேலை செய்பவர், நோயாளி தாடையை நெஞ்சில் தொடவைக்க முடிகிறதா, கைகளைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா, குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா என்ற மூன்றையும் முதலில் பார்த்துக்கொண்டு பிறகு மற்ற அளவுகளைப் படிக்க வேண்டும்.

ஃபுளோரைடு எலும்பை முடக்குவதை இந்தியாவில் முதலில் விரிவாக எழுதியது அன்றைய சென்னை மாகாணத்து ஆட்கள்தான். 1937-ல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் முதுகு மரமாக விறைத்துப்போனவர்களைப் பார்த்து எழுதினார்கள். தருமபுரியின் பாறையும் அதே குணம் கொண்டது. ஆழ்துளைக் கிணறு ஆழம் போகப் போகத் தண்ணியில் ஃபுளோரைடு கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை என்பது இந்தியத் தர நிர்ணயம். காவிரித் தண்ணி வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது உண்மை. ஆனால் எலும்பில் படிந்த ஃபுளோரைடு வெளியேற வருடங்கள் பிடிக்கும். தோட்டத்து வீடுகளிலும் மலைக் கிராமங்களிலும் இன்னும் போரை நம்பி இருப்பவர்கள் உண்டு.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். எலும்பு அடர்த்தி ஸ்கேன் கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை வைத்து எலும்பில் உள்ள தாதுவை அளக்கிறது. இளைஞரின் சராசரியிலிருந்து இரண்டரைப் படி கீழே போனால் எலும்புப்புரை என்பது 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கோடு. சேலமோ பெங்களூரோ போய் ஸ்கேன் எடுத்துவந்த ஆயாவின் அறிக்கையில் முதுகெலும்பு எண் "நார்மல்" என்றிருந்தால் என்ன அர்த்தம்? ஃபுளோரைடு ஏறிய எலும்பு கதிரை நன்றாகத் தடுக்கும், எண் உயர்ந்தே காட்டும். அடர்த்தி வேறு, பலம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அந்த ஃபுளோரைடே ஒருமுறை மருந்தாகச் சோதிக்கப்பட்டது. ஃபுளோரைடு எலும்பைக் கெட்டியாக்குகிறதே, எலும்புப்புரைக்கு அதையே கொடுத்தால் என்ன என்று மாயோ கிளினிக்கின் ரிக்ஸ் குழுவினர் 202 பெண்களை வைத்து 4 வருடம் ஆராய்ந்தார்கள். 1990-ல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. முதுகெலும்பு முறிவு சொல்லும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவு கூடியிருந்தது. முன்கை எலும்பின் அடர்த்தி 4 சதவீதம் குறைந்திருந்தது.

இதைப் படித்த பிறகு எங்கள் ஊர் நோயாளியின் ஸ்கேனில் "நார்மல்" என்ற எண்ணைக் கண்டு யாரும் நிம்மதி அடையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஃபுளோரைடே இல்லாத ஊரிலும்கூட ஸ்டீராய்டு எடுப்பவரின் எலும்பு, அதே அடர்த்தி உள்ள மற்றவரின் எலும்பைவிட எளிதில் முறியும். இரண்டும் சேர்ந்தால் எண் இரண்டு மடங்கு பொய் சொல்லும். ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடுப்பு எலும்பு, முன்கை இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அதே கருவியில் ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி எடுத்து, எண் இறங்குகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தீர்ப்புக்கு நான் நம்புவது பக்கவாட்டு எக்ஸ்ரேயை. முதுகெலும்புக் கட்டை முன்புறம் அமுங்கி ஆப்பு வடிவம் ஆகியிருந்தால், உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால், அது முறிவு. அதை எந்த ஃபுளோரைடும் மறைக்க முடியாது. கடும் ஆஸ்துமாக்காரரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதுதான் கஷ்டம். அனுபவமுள்ள எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் மூச்சைப் பிடிக்கவே சொல்வதில்லை. மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லிச் சற்று நீண்ட நேரம் படம் எடுப்பார்கள். விலா எலும்புகள் அசைந்து மங்கிப்போகும், அசையாத முதுகெலும்பு துல்லியமாக நிற்கும். நோயாளியின் பலவீனத்தையே படத்தின் பலமாக மாற்றும் இந்தக் கைவேலையை நான் மிகவும் மதிக்கிறேன். கூடவே ஒரு முன்கைப் படமும் கேட்பேன். இரு எலும்புக்கும் நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஃபுளோரைடு நோயான ஃபுளோரோசிஸ் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆயாவின் முன்கையில் அது இருந்தது. மார்பு முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் அமுங்கியிருந்தன.

மார்பு முதுகெலும்பு அமுங்குவது நெஞ்சு மருத்துவருக்கு எலும்பு விவகாரம் மட்டும் அல்ல. ஒவ்வொரு கட்டை முறியும்போதும் நுரையீரல் கொள்ளளவு, இருக்க வேண்டியதில் சுமார் 9 சதவீதம் குறைகிறது என்று 1990-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். ஆஸ்துமா கூடிவிட்டது என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினால், கூட்டிய மாத்திரை அடுத்த கட்டையை முறிக்கும். இதற்குள் இன்னொரு கண்ணியும் உண்டு. ஊதிப் பார்க்கும் சோதனையில், இருக்க வேண்டிய அளவை இயந்திரம் உயரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. குறைந்துபோன உயரத்தைத் தட்டிக் கொடுத்தால் எதிர்பார்ப்பும் குறைந்துவிடும், சதவீதம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். பழைய உயரத்தைக் கண்டுபிடித்து அதைத்தான் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். இருமும்போது விலாவில் சுரீரென்று குத்தினால் சளிக்கட்டு என்று விட்டுவிடாமல் விலா எலும்பு முறிவையும் நினைக்க வேண்டும்.

சில கேள்விகளுக்குக் கருவியே வேண்டாம். டவுன் பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறதா? குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் தரையில் கையூன்றாமல் எழ முடிகிறதா? முடியாவிட்டால் தொடைத் தசை போய்க்கொண்டிருக்கிறது, விழும் ஆபத்து நெருங்கிவிட்டது. இடுப்புக் கவட்டில் வலி என்று ஓர் இளைஞர் சொன்னால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இளைஞர் என்று அழுத்திச் சொல்கிறேன். எலும்பு என்றால் மாதவிடாய் நின்ற பெண்களின் பிரச்சினை என்ற எண்ணத்தில், பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகும் 30 வயது ஆஸ்துமாக்காரரை யாரும் கேட்பதே இல்லை. முறிவு ஆபத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் என்ற அளவுகோலும் 40 வயதிலிருந்துதான் தொடங்குகிறது.

சாப்பாட்டில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களி தின்று வளர்ந்த ஊர் ரேஷன் அரிசிக்கு மாறியது. 2023-ல் நீலகிரியோடு தருமபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது நல்ல காரியம். முளைகட்டியோ புளிக்கவைத்துக் கூழாகவோ சாப்பிட்டால் கால்சியம் இன்னும் நன்றாகச் சேரும். ஃபுளோரைடு ஏறிய உடம்பில் கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்தால் எலும்பு இன்னும் மோசமாகும் என்பதால் இரண்டையும் இங்கே கட்டாயம் பார்க்க வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடரை வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று குடித்துவிடுகிறவர்கள் உண்டு, அது விஷமாகும். வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணியோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். வருடம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் நல்ல மருந்து, ஆனால் சிறுநீரகத்தையும் வைட்டமின் டியையும் பார்த்துச் சரிசெய்யாமல் அதை ஏற்றக் கூடாது.

இவ்வளவையும்விடப் பெரிய எலும்பு வைத்தியம், மாத்திரை தேவைப்படாமல் செய்வதுதான். இன்ஹேலரைக் கண்டால் "பழகிடும் சார்" என்று பயப்படுகிறவர்கள் மெடிக்கல் செட்டைப் பயமில்லாமல் விழுங்குகிறார்கள். இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் அளவு, மாத்திரையில் இருப்பது மில்லிகிராம். இன்ஹேலரை முறையாக இழுத்தும், அடுப்புப் புகையையும் கல்குவாரித் தூசியையும் விலக்கியும் அடங்காத சிலருக்கு ஒமாலிசுமாப், மெப்போலிசுமாப் போன்ற ஊசிகள் வந்துவிட்டன. 2014-ல் வெளியான ஆய்வில் மெப்போலிசுமாப் எடுத்தவர்களின் தினசரி ஸ்டீராய்டு அளவு நடுமதிப்பில் பாதியாகக் குறைந்தது. மாதம் பல ஆயிரம் ரூபாய் ஆகும் இந்த ஊசிகள் பென்னாகரத்துக்கும் அரூருக்கும் எட்டும் நாள் வர வேண்டும். முறிந்த முதுகுக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அரசுக்கு இது வீண் செலவு அல்ல.

உடன் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். கர்ப்பிணிகளுக்காக ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உயரம் அளக்கும் பலகை இருக்கிறது. ஸ்டீராய்டு எடுக்கும் ஆஸ்துமாக்காரரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் நிறுத்தி அளந்து, தேதியோடு எழுதிவையுங்கள். மெடிக்கல் வைத்திருப்பவர்கள் சீட்டில்லாமல் அந்தச் செட்டைக் கொடுப்பதை நிறுத்துங்கள். வீட்டில் இந்த மாத்திரை எடுப்பவர் இருந்தால் இன்றைக்கே உயரத்தை அளந்து, நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆனால் இதைப் படித்துப் பயந்து மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். பல மாதம் போட்டவருக்கு உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்க மறந்திருக்கும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குறைப்பதை மருத்துவரோடு சேர்ந்து, படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.